வேலைக்கு ஏற்ற ஆளா, ஆளுக்கு ஏற்ற வேலையா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைத் தொடங்கினார். விரல் நிமிர்ந்து ஊர் திரும்பியவர்களில் சிலர் கொஞ்ச நாளிலேயே மனம் உடைந்து மீண்டும் வந்தார்கள். வேலை கொடுக்க ஆளில்லை. மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள்கூட நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. அதன் பிறகுதான் 'நவஜீவ நிலையம்' என்ற பெயரில் குடியிருப்பும் தச்சுப் பட்டறையும் உருவாயின. அங்கே அடுத்த சிக்கல் காத்திருந்தது. உணர்ச்சியற்ற கைக்கு, உளியை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்பது தெரியாது, புண்ணானாலும் தெரியாது. எனவே கருவிகளின் கைப்பிடிகளை மாற்றி அமைத்தார்கள். நாள்தோறும் ஒவ்வொருவர் கையையும் பரிசோதித்தார்கள்.

மறுவாழ்வுக்கு மூன்று தேவை: சிகிச்சை, பயிற்சி, வேலை செய்யும் இடத்தில் மாற்றம். இந்த மூன்றில் முதல் இரண்டும் நம் நாட்டில் ஓரளவு நடக்கின்றன. மூன்றாவது சட்டப் புத்தகத்தில் தெளிவாக இருந்தும் அலுவலக வாசலைத் தாண்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களில் ஏதாவது ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பெண்களை மட்டும் எடுத்தால் 23 சதவீதம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆயின. அரசுப் பணியில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு அனைத்துக்கும் சேர்த்து 1 சதவீதம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கே இந்த ஒதுக்கீடு. தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்படியே பொதுப்பிரிவில் கரைத்துவிட முடியாது.

ஆனால் பழைய சட்டக் காலத்தில் ஒதுக்கீடு கரைந்துகொண்டுதான் இருந்தது. சில பணிகளை மட்டும் 'இவர்களுக்கு ஏற்றவை' என்று பட்டியலிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து மட்டும் 3 சதவீதத்தைக் கணக்கிட்டு வந்தன அரசுத் துறைகள். மொத்தக் காலியிடங்களையும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அந்தக் கணக்கு மாறியது. 2008ஆம் ஆண்டு குடிமைப்பணித் தேர்வை எழுதிய பார்வையற்ற தேர்வர் ஒருவருக்கு, நிரப்பப்படாமல் கிடந்த இடத்தில் பணி வழங்க உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது 2024 ஜூலையில்! இத்தனை ஆண்டுகள் வழக்காடும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

பட்டியல் தயாராகும் விதமும் கவனிக்க வேண்டியது. மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிவிக்கையில் 3,566 பணிகள் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் எதிரே உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், பார்த்தல், கேட்டல் என்று தேவைப்படும் செயல்கள் குறிக்கப்பட்டிருக்கும். 'பார்த்தல்' என்று எழுதிவிட்டால் பார்வையற்றவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். ஒரு கோப்பைப் 'பார்க்க' வேண்டுமா, அதில் இருப்பதை அறிந்தால் போதுமா என்ற கேள்வியை அங்கே யாராவது கேட்டாக வேண்டும். சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், முழுப் பார்வையற்றவர்களில் முதல் ஆளாக இந்திய வெளியுறவுப் பணிக்குள் நுழைந்தார். பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிவைத்த மத்தியப் பிரதேச விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கேள்வி கேட்கப்பட்ட இடங்களில் கதவு திறந்திருக்கிறது.

சட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது இடஒதுக்கீட்டுப் பிரிவை அல்ல. 'நியாயமான வசதி' செய்து தரும் கடமையை. நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏறாத வகையில், ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பணியாற்றத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். மறுப்பது பாகுபாடு என்றே சட்டம் சொல்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வருக்கு, சொல்வதை எழுதும் உதவியாளரை அனுமதித்த 2021 தீர்ப்பில், 40 சதவீத வரம்பைக் காட்டி இந்த வசதியை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

வசதி என்றதும் லிஃப்ட், சாய்தளம் என்று பெருஞ்செலவு நினைவுக்கு வரும். ஒரு சாதாரண அரசு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பார்வையற்ற உதவியாளர் ஒருவர் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை வைத்து வேலை பார்க்கிறார். சுற்றறிக்கை யூனிகோடில் இருந்தால் அது தமிழில் கடகடவென்று படித்துக்காட்டும். அதையே யாரோ பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், மென்பொருளுக்கு அது தமிழே இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் வாசித்துக்கொண்டே போகும். கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஸ்கேன் செய்து அனுப்பினாலோ வெறும் படம். எழுத்தறியும் மென்பொருளில் போட்டுப் பிரித்தெடுத்தால்தான் உண்டு. இப்போது அவர் பக்கத்து மேசைக்காரரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். 'அவரால் வேலை பார்க்க முடியவில்லை' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010இலேயே. அதைப் பின்பற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பணியில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ பாதிக்கப்படும் அரசு ஊழியர்கள் பலருக்கு, வேலை போகாது என்பதே தெரிவதில்லை. சட்டத்தின் 20ஆவது பிரிவு அவர்களைப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்வதைத் தடுக்கிறது. பார்த்துவந்த வேலையைத் தொடர முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். இடமே இல்லையென்றால், கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். காலை இழந்த காவலர் ஒருவர் தொடர்ந்த வழக்கில் 2003இலேயே, பழைய சட்டத்தின் கீழ், இது உறுதியாகிவிட்டது. கட்டாய ஓய்வுக்கோ ராஜினாமாவுக்கோ கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சி விஷயத்துக்கு வருவோம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1968இல் மும்பையிலும் ஹைதராபாத்திலும் தொழில் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. சென்னைக் கிண்டியிலும் ஒன்று உண்டு. ஒருவரின் திறனை மதிப்பிட்டு, பழக்கி, வேலைக்கு அனுப்புவது இவற்றின் பணி. தையல், மெழுகுவர்த்தி, கூடை என்று காலகாலமாக அவற்றையே சொல்லிக்கொடுப்பதைவிடப் பெரிய குறை, பயிற்சியாளரின் பொறுப்பு சான்றிதழோடு முடிந்துவிடுவது. வேலையில் சேர்ந்தவருடன் முதல் சில வாரங்கள் தொழிற்கூடத்துக்கே போய், எந்த மேசை உயரம், எந்தச் சமிக்ஞை விளக்கு, மேற்பார்வையாளர் எப்படிச் சொன்னால் புரியும் என்று சரிசெய்துதரும் வேலைத்துணைப் பயிற்றுநர்கள் நமக்கு வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

தனியார் துறையில் நம் சட்டம் மென்மையானது. மொத்த ஊழியர்களில் 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கச்சலுகை தர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, நிறுவனங்களுக்குக் கட்டாயமில்லை. ஜெர்மனியில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 5 சதவீதத்தை எட்டாவிட்டால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் பணம் கட்ட வேண்டும். ஜப்பானில் தனியாருக்கான கட்டாய அளவு 2024 ஏப்ரலில் 2.5 சதவீதம் ஆனது. இரு நாடுகளிலும் இப்படி வசூலாகும் பணம் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்கும் பணியிட மாற்றங்களுக்குமே திரும்பிச் செல்கிறது. கணக்கை ஏமாற்றவும் வழியுண்டு: ஜப்பானிய அமைச்சகங்களே எண்ணிக்கையை ஊதிக்காட்டியது 2018இல் அம்பலமானது. ஆனாலும் கட்டாயமும் நிதியும் சேர்ந்த இந்த ஏற்பாடு நம் ஊக்கச்சலுகையைவிட எவ்வளவோ மேல்.

அப்படி ஒரு கட்டாயம் இங்கே வரும்வரை கையில் இருக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், என்னென்ன வசதிகள் செய்து தருவோம், பொறுப்பு அலுவலர் யார் என்பதையெல்லாம் எழுதிய 'சமவாய்ப்புக் கொள்கை' ஒன்றை வெளியிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் விதிகள். இணையதளத்தில் இல்லையென்றால் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்திலாவது ஒட்டியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அதன் நகல் பதிவாகியிருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கலாம். அப்படி ஒன்றே இல்லை என்று பதில் வந்தால், அதே ஆணையரிடம் புகார் செய்யலாம்.