வலி என்னும் காவல்

வருசநாட்டு மலையடியிலுள்ள மயிலாடும்பாறைப் பகுதியில் காட்டுவேலை செய்வோரின் காலில் முள் தைப்பதும் கல் இடறுவதும் புதிதன்று. பெரும்பாலான காயங்கள் தாமே ஆறிவிடுகின்றன. சில நிமிடங்களில் குருதி உறைந்து காயத்தை அடைக்கிறது. அடுத்த சில நாள்களில் வெள்ளணுக்கள் கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றுகின்றன. பின்னர்ப் புதுத்திசு வளர்ந்து தோல் மூடுகிறது. அதுவரை காலை அழுத்தி ஊன்றவிடாமல் காப்பது வலியே.

1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதப்புண் ஆறாமைக்குக் காரணம் தசையின் குறையன்று, வலியுணர்வை இழந்த அவர்கள் புண்ணின்மீதே நடப்பதுதான் எனக் கண்டார். மாவுக்கட்டிட்டு அழுத்தத்தை நீக்கியதும் புண்கள் ஆறலாயின. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் இம்முறை இன்று பயன்படுகிறது.

ஆகவே, உணர்வுள்ள காலின் சிறு காயத்துக்குத் தூய நீரும் ஓய்வும் பெரும்பாலும் போதும். ஆழமாகக் குத்தியதற்கு இரணஜன்னித் தடுப்பூசி தேவையா எனக் கேட்டறிய வேண்டும்; சிவப்புப் பரவினாலோ சீழ் பிடித்தாலோ காய்ச்சல் கண்டாலோ மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவாளரோ வலியில்லாத புண்ணுக்கே முதலில் அஞ்ச வேண்டும். உளூவில் கால் கழுவும்போதெல்லாம் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உற்று நோக்கி, ஈரத்தைத் துடைத்துவிடுவது நன்று. வலி கைவிட்ட காவலைக் கண்கள் ஏற்கட்டும்.