பாடப்பொருட் பகிர்வும் தமிழ் எழுத்துக் குறியீடும்

கல்விப் பொருளைப் பகிர்தலாவது, பெற்றவர் அதனைத் தேடவும், திருத்தவும், தம் மாணவர்க்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் வழங்கவும், திருந்திய வடிவை மீண்டும் பிறர்க்கு அளிக்கவும் இயலுமாறு தருதல். கணினித் திரையிற் காணுமாறு வைத்தல் மட்டும் பகிர்வாகாது. இவ்வேறுபாட்டிற்கு எழுத்துக் குறியீடும் பதிப்புரிமையும் அடிப்படையாதலை ஈண்டு விளக்குவாம்.

மணலியை அடுத்த மாத்தூரில் பள்ளிக்கல்வி முடித்த மாணவர், வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ பழைய வண்ணாரப்பேட்டைச் சர் தியாகராயா கல்லூரியிலோ மேற்படிப்புப் பயிலலாம். புணர்ச்சி இலக்கணத்தைப் பள்ளி, கல்லூரி என ஈரிடத்தும் அவர் கற்பார். ஈரிடத்து ஆசிரியரும் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிகளையும் தனித்தனியே தட்டச்சுச் செய்வாராயின் உழைப்பு இரட்டிக்கும். ஓரிடத்துத் திருத்திய பிழை மற்றோரிடத்து அவ்வாறே நிலைக்கும், இழப்பு மாணவர்க்கே.

இத்தகைய பகிர்வுக்கு முதற்றடையாக நின்றது எழுத்துக் குறியீடு. 1990களில் எழுத்துருக்கள் பலவும் வெவ்வேறு எண் வரிசை கொண்டிருந்தன. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி விலையின்றி வழங்கியது. திஸ்கிக் குறியீட்டையும், பின்னர் ஒருங்குகுறியையும் மேற்கொண்டது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பெற்றன. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியையும், அது பொருந்தாவிடத்துக்கு டேஸ் 16 என்னும் குறியீட்டையும் ஏற்றது.

பழைய குறியீடுகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையைப் பின்பற்றின. 'கொ' என்பதற்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றும் அம்முறையே நின்றன. ஒருங்குகுறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்கும். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய நெறிக்கு இஃது அணுக்கமானது. எனினும் அவ்வொகரக் குறியை ஓரெண்ணாலும் குறிக்கலாம். கொம்பு, கால் என்னும் ஈரெண்ணாலும் குறிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருநிலைப்படுத்தாத தேடுகருவிக்கோ அவை வேறு. ஆகலின் ஒருவகையில் அடித்த 'கொற்றவை', மற்றொருவகையில் தேடுவார்க்கு அகப்படாது. பக்கத்தின் படமாக மட்டும் வைத்த நூலிலோ சொற்றேடலுக்கே இடமில்லை.

அடுத்தது உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளிலும் அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் நூலுரிமை நிலைக்கும். 1949இல் அரசு பெற்ற பாரதியார் படைப்புரிமை போல, நாட்டுடைமையானவற்றிற்கு இத்தடை இல்லை. கற்பித்தற்பொருட்டு ஆசிரியர் படியெடுத்தலுக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிப்பினும், உலகோர் யாவர்க்கும் வெளியிடுதல் அதனின் வேறாம். ஆதலின் ஆசிரியர் தாமே இயற்றிய பாடத்தில், பெயர் சுட்டி எவரும் திருத்தி வழங்கலாம் என்னும் இசைவை எழுதிவைத்தல் இன்றியமையாதது.

2017இல் நடுவணரசு திக்ஷா தளத்தைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. இவற்றால் மாநில அளவில் ஆக்கிய பாடப்பொருள் மாத்தூர் மாணவர் கைக்கு எட்டுகின்றது. மாத்தூரில் ஓர் ஆசிரியர் கண்ட திருத்தம் வியாசர்பாடிக்கு எட்டும் வழியையும் நாம் வகுத்தல் வேண்டும்.

அதற்குரிய பயிற்சி தமிழ்த்துறைகட்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார். மூலம் எது, திருத்தியவர் யார், திருத்திய நாள் யாது என்பவற்றைப் பதிதல் பதிப்பறம். அவ்வறத்தை ஒவ்வொரு மின்பாடத்தின் தலைப்பிலும் மேற்கொண்டு, உரையை ஒருங்குகுறியில் இசைவோடு வெளியிடின், வடசென்னைப் பள்ளியும் கல்லூரியும் ஒரு பாடத்தையே பொதுவிற் பேணலாம். இப்பணியை முதுகலை மாணவர்க்குப் பதிப்புப் பயிற்சியாக அமைத்தல் தக்கது என்பது எம் துணிபு.