திரும்பிப் பார்த்த தோழன்



42 கிலோமீட்டர் தூரத்தை ஓடிக் கடந்தாயிற்று. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று பேர் நெருக்கமாக ஓடி வருகின்றனர். எஞ்சியிருக்கும் பதக்கங்களோ இரண்டே இரண்டு. மூவருள் ஒருவர் வெறுங்கையோடு வீடு திரும்பியாக வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு முன்னோக்கி ஓடுவீர்கள். பின்னால் வருபவரைப் பற்றி எண்ணவும் நேரம் இராது.

ஆனால், முன்னால் ஓடிய ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒருமுறை அல்ல, பலமுறை திரும்பிப் பார்த்தார். கையை வீசி, "வா, விடாதே, வா" என்பது போல் பின்னால் வந்த தம் நண்பரை அழைத்தார்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், ஜப்பானின் சப்போரோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் உலகமே கண்ட காட்சி இது. அழைத்தவர் நெதர்லாந்து நாட்டுக்காக ஓடிய அப்தி நகீயே. அழைக்கப்பட்டவர் பெல்ஜியம் நாட்டுக்காக ஓடிய பஷீர் அப்தி.

ஒரே ஊரில் பிறந்தவர்கள்

நாடு வேறு, சட்டை வேறு. ஆனால் பிறந்த மண் ஒன்றே. இருவரும் 1989ஆம் ஆண்டில் சோமாலியாவின் தலைநகரான மொகதிஷுவில் பிறந்தவர்கள். 1991இல் அந்நாட்டின் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. எண்ணற்ற குடும்பங்கள் சிதறின. அந்தச் சிதறலில் நகீயே நெதர்லாந்திலும், பஷீர் பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் வளர்ந்து ஆளாயினர். போர் பிரித்த இருவரையும் ஓட்டம் சேர்த்து வைத்தது. ஒன்றாகப் பயிற்சி செய்தனர், உற்ற நண்பர்களாயினர்.

ஒலிம்பிக் போட்டிகள் டோக்கியோவில் நடந்தாலும், அங்கு நிலவும் கோடை வெப்பத்துக்கு அஞ்சி, மாரத்தானை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வடக்கிலுள்ள சப்போரோவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் வெப்பம் அங்கும் விடவில்லை. காலை 7 மணிக்கு ஓட்டம் தொடங்கியபோதே காற்றில் புழுக்கம் மிகுந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர். அவர்களுள் 30 பேரளவில் பாதி வழியிலேயே நின்றுவிட்டனர். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுக்கே இந்த நிலை!

இரண்டு வினாடிகள்

30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கென்யாவின் எலியுட் கிப்சோகே தனியே பிரிந்து போய்விட்டார். அவரை எவராலும் எட்ட முடியவில்லை. 2 மணி 8 நிமிடம் 38 வினாடியில் தங்கத்தை வென்றார். அவருக்குப் பின்னால், எஞ்சிய இரு பதக்கங்களுக்காக ஒரு சிறு கூட்டம் போராடியது. கடைசியில் நகீயே, கென்யாவின் லாரன்ஸ் செரோனோ, பஷீர் ஆகிய மூவரே களத்தில் இருந்தனர். பஷீர் பின்தங்கியிருந்தார்.

நகீயே திரும்பிப் பார்த்துக் கைவீசியது அப்போதுதான். நண்பரின் அழைப்பைக் கண்ட பஷீர் எஞ்சிய வலிமையைத் திரட்டிச் செரோனோவைக் கடந்தார். நகீயே 2 மணி 9 நிமிடம் 58 வினாடியில் வெள்ளியும், பஷீர் 2 மணி 10 நிமிடத்தில் வெண்கலமும் வென்றனர். செரோனோ வந்து சேர்ந்தது அதற்கும் 2 வினாடிகள் கழித்து!

அந்த இரண்டு வினாடிகளை எண்ணிப் பாருங்கள். திரும்பிப் பார்த்ததில் நகீயேயின் கால் சற்றுப் பிசகியிருந்தால், வெள்ளி அவருடைய கையை விட்டுப் போயிருக்கும். நண்பர் வெண்கலம் வெல்வதால் நெதர்லாந்துக்கு யாதொரு பயனும் இல்லை. இருந்தும் அவர் திரும்பிப் பார்த்தார்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். நகீயே தம் வேகத்தைக் கைவிட்டுப் பின்னால் போகவில்லை. நண்பரைத் தோளில் சுமக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. தம் ஓட்டத்தைத் தாம் ஓடினார். பஷீரின் ஓட்டத்தைப் பஷீரே ஓடினார். செரோனோவுக்கும் எந்த அநீதியும் இழைக்கப்படவில்லை. நட்பு அங்கே செய்தது ஒன்றே ஒன்றுதான்: "உன்னால் முடியும் என்று நான் நம்புகிறேன்" என்று காட்டியது.

நண்பரோடு ஓடப் புறப்படுவோர்க்கு

இன்று சாதாரண மனிதர்களும் நண்பரைச் சேர்த்துக்கொண்டு தொலைதூர நகரங்களுக்குச் சென்று மாரத்தான் ஓடுகின்றனர். நம் இல்லத்து இளைஞர்களும் அப்படிப் புறப்படலாம். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். நம் உடல் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து பெரும்பாலோர்க்கு 30 கிலோமீட்டர் அளவிலேயே தீரத் தொடங்கிவிடும். அதன்பின் கால்கள் ஈயமாய்க் கனக்கும். வேகமான நண்பருக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற வீம்பில் தொடக்கத்திலேயே விரைபவர், அந்தச் சேமிப்பை முன்கூட்டியே செலவழித்து விடுகிறார். ஆகவே சேர்ந்து ஓடுவோர், இருவருள் மெதுவானவரின் வேகத்திலேயே தொடங்க வேண்டும். பேச்சுத் தடையின்றி வருகிறதா என்பதே அதற்கு எளிய அளவுகோல். மூச்சு வாங்கிச் சொல் அறுபடுமானால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

வெப்பமான ஊராயின் சில நாட்களுக்கு முன்பே சென்று உடலைப் பழக்குதல் நலம். எதுவரை சேர்ந்து ஓடுவது, ஒருவர் தளர்ந்தால் மற்றவர் நிற்பதா, தொடர்வதா, இறுதியில் எங்கே சந்திப்பது என்பவற்றையெல்லாம் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். களைப்பின் உச்சியில் எடுக்கும் முடிவு மனவருத்தத்தில் முடியும். ஆனால் நண்பருக்கு மயக்கமோ தடுமாற்றமோ கண்டால், எந்த ஒப்பந்தத்தையும் பாராமல் நின்றுவிடுங்கள். பதக்கத்தை அடுத்த ஆண்டும் பெறலாம்.

காலம் மாறும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இருவரும் மீண்டும் களமிறங்கினர். இம்முறை வெள்ளி வென்றவர் பஷீர். நகீயேயால் ஓட்டத்தை முடிக்கவும் இயலவில்லை. மூன்றே மாதங்களில், நவம்பரில், நியூயார்க் மாரத்தானில் நகீயே முதலிடம் பெற்றார். ஆம்! இன்று முன்னால் ஓடுபவர் நாளை பின்தங்கலாம். இன்று பின்தங்கியவர் நாளை முந்தலாம்.

நம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கின்றனர். ஒரே தேர்வை எழுதுகின்றனர். "உன் நண்பனைவிட எத்தனை மதிப்பெண் கூடுதல்?" என்று கேட்பதே நமக்கு வழக்கமாகிவிட்டது. இனி அதோடு மற்றொன்றையும் கேட்போம்: "அவன் பின்தங்கியபோது நீ திரும்பிப் பார்த்தாயா?"