கணக்கைக் கண்ணால் காட்டியவர்

கணக்கு என்றாலே பலருக்கு எட்டிக்காய்! அந்தக் கசப்பைப் போக்குவதைத் தமது கடமையாகக் கொண்டவர் ஆங்கிலக் கணித மேதை கிறிஸ்டபர் சீமன்.

1925-ம் ஆண்டில் ஜப்பானில் பிறந்த இவர், யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணி புரிந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றார். 1964-ல் வார்விக் சர்வகலாசாலையில் கணித இலாகாவைத் தோற்றுவித்தார்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர் சிறுமியருக்காக விஞ்ஞானப் பிரசங்கங்கள் நடைபெறும். 1825-ல் தொடங்கிய வழக்கம் இது. மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக்கொண்டு மைக்கேல் பாரடே ரசாயனத்தை விளக்கியது இங்கேதான். ஆனால் கணிதத்துக்கு அந்த மேடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று! 1978-ல் அங்கே கணிதத்தைப் பற்றி முதன்முதலாகப் பேசியவர் சீமன். 'கணிதத்தைப் படமாக்குதல்' என்பது பொருள்.

அவர் அமைத்த விளையாட்டுக் கருவி ஒன்று பெயர் பெற்றது. அட்டை வட்டம் ஒன்றை நடுவில் ஆணியடித்துப் பலகையில் சுழல விடுங்கள். வட்டத்தின் விளிம்பில் ஒரே இடத்தில் இரண்டு ரப்பர் வளையங்களை மாட்டுங்கள். ஒன்றின் மறுமுனையைப் பலகையில் பொருத்துங்கள். மற்றதை எதிர்ப்புறமாகக் கையால் இழுத்துப் பிடியுங்கள். கையை மெள்ள நகர்த்தினால் வட்டமும் மெள்ளத் திரும்பும். ஓரிடம் வந்ததும் சடக்கென்று புரண்டுவிடும்! கையோ துளிதான் நகர்ந்திருக்கும். வந்த வழியே கையைக் கொண்டு சென்றால், அதே இடத்தில் வட்டம் மீண்டும் புரளாது. இன்னும் சற்று அப்பால் போன பிறகே புரளும்.

சிறு மாறுதல் பெரிய திருப்பத்தை உண்டாக்குவது எப்படி? பிரெஞ்சு அறிஞர் ரெனே தாம் வகுத்த தத்துவம் இதைத்தான் ஆராய்கிறது. கோபமும் அச்சமும் ஒருங்கே கொண்ட நாய் திடீரென்று பாய்வதையும், பங்கு மார்க்கெட் சரிவதையும், சிறைக் கலவரத்தையுங்கூடச் சீமன் இதே படத்தால் விளக்க முற்பட்டார்.

எதிர்ப்பு கிளம்பாமல் இல்லை. தக்க அளவுகள் இல்லாமல் படத்தை எல்லாவற்றுக்கும் பொருத்துவதா என்று 1970-களின் பிற்பகுதியில் கணித நிபுணர்களே கண்டித்தனர். எளிமையாகச் சொல்வதில் உள்ள அபாயம் அது.

எனினும் அவர் இட்ட விதை வீண்போகவில்லை. பிரசங்கங்களின் பயனாக 1981-ல் மாணவர்களுக்கான கணித வகுப்புகள் ஆரம்பமாயின. அவை இன்றும் நடைபெறுகின்றன. 2016-ல் சீமன் மறைந்தார். கணிதத்தை மக்களிடம் கொண்டு செல்வோருக்கு வழங்கும் பதக்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அட்டையும் ஆணியும் எந்த வீட்டிலும் உண்டு. குழந்தையின் கையில் கொடுத்துப் பார்க்கலாமே!