பின்னிருக்கையிலும் அமர்ந்து பாருங்கள்

கார்க் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம், வண்டியை ஓட்டிப் பார்த்தீர்களா என்று நாம் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்தீர்களா என்று கேட்டால்தான் ஒரு தயக்கம் தெரியும். ஏழாண்டுக் காலம் தவணை கட்டப்போகும் வண்டியை, இருபது நிமிடம், அதுவும் ஒரே இருக்கையிலிருந்து பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். வேகத்தை முன்னிறுத்தும் சிறிய சொகுசுச் செடான்களில் இந்தப் பிழைக்கு விலை அதிகம். அவற்றின் கவர்ச்சி முழுவதும் ஓட்டுநர் இருக்கையில்தான் இருக்கிறது.

இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ். 1975-இல் அறிமுகமாகி, ஓட்டுபவருக்கான கார் என்று பெயர் பெற்றது. 2007 முதல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் இணைத்து உருவாக்கப்படுகிறது. 2021-இல் இந்தியச் சந்தைக்கு இதன் இரு வடிவங்கள் வந்தன. எம்340ஐ என்பது ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுடன் நின்ற நிலையிலிருந்து 4.4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுவது. கிரான் லிமோசின் என்பது சற்றே நீட்டப்பட்டது. முதலாவதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,851 மி.மீ.; இரண்டாவதில் 2,961 மி.மீ. கூடுதலாகக் கிடைத்த 110 மி.மீ. பின்னால் அமர்பவரின் கால்களுக்கான இடத்தைக் கூட்டுகிறது. உரிமையாளர் பின்னால் அமர, ஓட்டுநர் வண்டி செலுத்தும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு இந்த நீட்டல் பொருந்தும். ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், யார் எங்கே அமர்வார் என்ற கேள்விக்கு இவை தரும் விடைகள் வேறு.

காலை நீட்ட இடம் இருந்தால் மட்டும் வசதி வந்துவிடாது. முன்னிருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்ப அமைத்துவிட்டு, அதன் பின்னால் போய் உட்காருங்கள். இவ்வகைக் கார்களில் இருக்கை தாழ்வாக இருப்பதால் முழங்கால் மேலெழும்பித் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போவதுண்டு. பத்து நிமிடத்தில் அது தெரியாது; திருச்சி வரை போனால் தெரியும். எஞ்சினின் விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு நடுவே ஓடுவதால் தரை மேடிட்டிருக்கும். நடுவில் மூன்றாமவர் அமர்வது பெயரளவுக்கே. முழங்கால் வலியுள்ள தாயார் வீட்டில் இருந்தால் அவரையும் ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள். தாழ்ந்த கூரைக்குள் குனிந்து இறங்கி, பிறகு தாமே எழுந்து வெளியே வர அவரால் முடிகிறதா என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் 225/45 ஆர்18 என்பதுபோல் எழுதியிருக்கும். 225 என்பது மி.மீ. கணக்கில் அகலம்; 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; 18 என்பது அங்குலத்தில் சக்கர விட்டம். ஆக, தரைக்கும் உலோகச் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 101 மி.மீ. ரப்பரும் காற்றும்தான். சாலைக் குழியின் அடியை முதலில் வாங்குவது இந்தப் பட்டையே. பார்வைக்கு எடுப்பாக இருக்கிறதென்று இன்னும் பெரிய சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தால் இது மேலும் மெலியும்; அதிர்வு முதுகுக்கு வரும். இத்தகைய கார்கள் பலவற்றில் 'ரன்-ஃப்ளாட்' டயர்கள் உள்ளன. காற்று முழுதும் இறங்கிய பிறகும் ஏறத்தாழ 80 கி.மீ. தூரம், மணிக்கு 80 கி.மீ.க்கு மிகாமல் ஓடுவதற்காக அவற்றின் பக்கச்சுவர் கெட்டியாக அமைக்கப்படுகிறது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் இது பெரிய துணை. அந்தக் கெட்டித்தன்மையே அன்றாடத் தெருவில் சிறு அதிர்வுகளையும் உள்ளே கடத்துகிறது. எனவே விற்பனையாளர் காட்டும் வழுவழுப்பான புறவழிச்சாலையோடு நில்லாமல், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவின் வேகத்தடைகள் மீது 20, 30 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அடிப்பகுதி உரசுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

துணைக்கருவிகளைப் பொறுத்தவரை எமது அளவுகோல் எளியது: பிற்பாடு பொருத்த முடியாதவற்றுக்கு முன்னுரிமை. காற்றோட்டமுள்ள இருக்கைகள், இடுப்புக்கான தாங்கல், பின்னிருக்கைக்குத் தனி ஏசி வழி, சாலைக்கேற்ப இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர் ஆகியவை அத்தகையவை. அகன்ற கண்ணாடிக் கூரை அழகுதான். ஆனால் பின்னால் அமர்பவரின் தலைக்கு மேலுள்ள இடத்தில் சிறிது எடுத்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் ஏசிக்கும் வேலை கூடும். கையசைத்தால் பாட்டின் ஒலி கூடும் வசதியும் சில கார்களில் உண்டு. பேசும்போது கையை ஆட்டும் பழக்கமுள்ளோர் அதை அணைத்துவைப்பது நலம்!

இவற்றை விலைப்பட்டியலில் மட்டும் பார்க்காமல் தவணையிலும் பாருங்கள். கூடுதல் கருவிகளுக்கென 3 லட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 4,827 ரூபாய். மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ 4.05 லட்சம். காரை விற்கும்போது அந்தக் கருவிகளுக்கென்று தனியே விலை கிடைப்பது அரிது.

10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் 1 விழுக்காடு வரியை முன்கூட்டியே வசூலிப்பார். அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வண்டி பதிவாகும் பெயரும் பான் எண்ணும் சரியாக உள்ளனவா என்பதை விலைச்சீட்டில் கையொப்பமிடும் முன்பே பார்த்துவிடுங்கள்.