பழ ஈயின் கண்ணில் நெல்பாலிஷ்... செல்களின் சாவை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

கண்டாச்சிபுரம் கடைத்தெருவில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, வீட்டு மூலையில் நாலு நாள் போட்டு வையுங்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் குட்டிக் குட்டி ஈக்கள் மொய்க்கும். கடிக்காது, கத்தாது. விரட்டினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே பழத்தில் வந்து உட்காரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்ற ஈயை வைத்துத்தான் காசியில் உள்ள பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். நெல்லிக்காயில் செய்யும் ஆயுர்வேத ரசாயனம், செல்கள் சாவதைத் தடுக்குமா? தடுத்தால், சாக வேண்டிய செல்லையும் சேர்த்துக் காப்பாற்றி வைத்துவிடுமா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏன்னா, நம் உடம்பில் செல்கள் சாவது விபத்து மட்டும் இல்லை. கருவில் இருக்கும்போது விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். அந்தச் செல்கள் செத்து விழுவதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. இப்படித் தானாகவே முடித்துக்கொள்ளும் சாவுக்கு 1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூவர் 'அபாப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. உதிர வேண்டிய செல் உதிராமல் நின்றால் புற்றுநோய்க்கு வழி. உதிரக் கூடாத நரம்புச் செல் உதிர்ந்தால் மறதி நோய், நடுக்கு நோய்.

கை பிரேக் போட்ட பஸ்

மேட்டில் நிறுத்திய பஸ்ஸைக் கற்பனை செய்யுங்கள். கை பிரேக் பிடித்திருக்கும்வரை நிற்கும், விட்டால் உருளும். ஈயின் செல்லும் அப்படித்தான். டயாப்1 என்ற புரதம்தான் பிரேக். ரீப்பர், ஹிட், கிரிம் என்ற மூன்று புரதங்கள் அந்த பிரேக்கை எடுத்துவிடுகின்றன. உடனே டிராங்க் என்ற கத்தரி விழித்துக்கொண்டு, டிரைஸ் என்ற அடுத்த கத்தரியை எழுப்பும். அது செல்லுக்குள் இருப்பதை வெட்டித் தள்ளும். இந்தக் கத்தரிகளுக்குப் பொதுப் பெயர் கேஸ்பேஸ். மூன்றில் முதலாவதான ரீப்பர் மரபணு 1994-ல் அமெரிக்காவில் பிடிபட்டது. இதே வகைக் கத்தரிகள் நமக்கும் உண்டு. ஈயைப் படிப்பது வீண் வேலை இல்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

முட்டையிலிருந்து ஈயாக சுமார் 10 நாள். தீனிக்கு மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, அகர் போதும். இதைவிட வசதி, கண். கண் முழுக்கச் சிதைந்தாலும் பாட்டிலுக்குள் ஈ பிழைத்துக்கொள்ளும். அதனால் 'கேல்4' என்ற மரபணு சுவிட்சைக் கண்ணில் மட்டும் போட்டு, அங்கே ரீப்பரையோ ஹிட்டையோ கிளப்பிவிடுகிறார்கள். கண் சுருங்கிப்போகும். எவ்வளவு சுருங்கியது என்பதே அளவுகோல்.

இங்கேதான் நெல்பாலிஷ் வருகிறது. ஈயின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 750 குட்டி லென்ஸ்கள் வரிசை பிசகாமல் இருக்கும். அந்த வரிசை கலைந்ததா என்று பார்க்க, விலை உயர்ந்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். காசி ஆய்வகத்தின் ரிச்சா ஆர்யாவும் எஸ்.சி.லகோட்டியாவும் 2006-ல் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார்கள். நிறமில்லாத நெல்பாலிஷைக் கண்மேல் தடவு, காய்ந்ததும் உரித்தெடு, அந்த அச்சைச் சாதாரண ஆய்வக மைக்ரோஸ்கோப்பில் பார். அவ்வளவுதான். கையில் காசில்லாத கல்லூரி ஆய்வகங்களுக்கு இது பெரிய விஷயம்.

செத்த செல்லை எப்படி அடையாளம் காண்பது?

வெளியே தெரியும் கண் கடைசிக் கதைதான். சாவு நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்க, லார்வாவை அறுத்து வருங்காலக் கண்ணாக மாறப்போகும் திசுத் தட்டை வெளியே எடுப்பார்கள். அக்ரிடின் ஆரஞ்ச் என்ற சாயத்தில் சில நிமிடம் ஊற வைத்தால், சாகும் செல்கள் மட்டும் பளிச்சென்று ஒளிரும். மலிவு, வேகம். ஆனால் பதப்படுத்தாத திசு என்பதால் எடுத்து வைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, உடனே படம் எடுத்தாக வேண்டும்.

அடுத்தது டனல் சோதனை. சாகும் செல்லில் டி.என்.ஏ. துண்டு துண்டாகும். அந்த வெட்டு முனைகளில் ஒளிரும் பொருளை ஒட்டவைப்பது இதன் வேலை. திசுவைப் பதப்படுத்திவிடுவதால் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் அடிபட்டுச் சிதைந்த செல்லிலும் டி.என்.ஏ. உடையுமே? அதனால் வெட்டுப்பட்டு விழித்துக்கொண்ட கேஸ்பேஸை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு சோதனையை வைத்து 'செல் சாவு குறைந்தது' என்று யாராவது சொன்னால், கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

வெப்பநிலையும் ஏமாற்றும். கேல்4 சுவிட்ச் 18 டிகிரியில் மந்தமாகவும், 29 டிகிரியில் சுறுசுறுப்பாகவும் வேலை செய்யும். மருந்து கலந்த பாட்டிலையும் கலக்காத பாட்டிலையும் ஒரே சூட்டில் வைக்காவிட்டால், மருந்தின் பெருமை எல்லாம் தெர்மாமீட்டருக்குப் போய்விடும்.

காசியில் என்ன தெரிந்தது?

விபா திவிவேதி, ஸ்வேதா திவாரி, லகோட்டியா மூவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஈயின் தீனியில் நெல்லிக்காய் சார்ந்த ஆமலகி ரசாயனத்தைக் கலந்தார்கள். வேறு ஈக்களுக்குப் பாதரசம் கலந்த ரச சிந்தூரம். இரண்டிலுமே, வேண்டுமென்றே கிளப்பிவிட்ட செல் சாவு குறைந்தது. கண் ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பியது, பிழைத்த ஈக்களும் அதிகம். பிரேக் புரதமான டயாப்1 கூடியிருந்தது. வளர்ச்சியின்போது இயல்பாக நடக்க வேண்டிய சாவோ, அது பாட்டுக்கு நடந்தது. அந்த இரண்டாவது கேள்விக்கு, ஈயைப் பொறுத்தவரை, கிடைத்த பதில் இது.

'அப்போ நெல்லிக்காய் லேகியம் சாப்பிட்டால் மறதி நோய் வராதா?' என்று கேட்டால், இந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை. ஈக்குத் தீனியில் கலந்த அளவை மனிதனுக்கு அப்படியே மாற்ற முடியாது. ரச சிந்தூரத்தில் இருப்பது பாதரசம், அதைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடும் விஷப்பரீட்சை வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே மருத்துவர் பெரும்பாலும் பாடுபடுவதே சில செல்களைச் சாகடிக்கத்தான். அந்த நேரத்தில் செல் சாவைக் குறைக்கும் என்று பெயர் வாங்கிய எதையும், அது நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதாகவே இருந்தாலும், முதலில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும்.