வேருக்கு வார்த்த நீர்: பிரம்மபுத்திராவின் நடுவே மாஜுலி

அசாம் மாநிலத்தின் ஜோர்ஹாட் நகரை அடுத்த நிமாதி துறையில் படகேறியவுடன் பிரம்மபுத்திரா கடல்போல் விரிகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் படகு சென்று ஒதுங்கும் இடம் மாஜுலி. உலகின் மிகப் பெரிய ஆற்றுத் தீவு என்று 2016ஆம் ஆண்டு கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற தலம் இது. காவிரியின் நடுவே திருவரங்கத்தைத் தரிசித்த கண்களுக்கு, ஆறு சூழ்ந்த தீவும் அதில் எம்பெருமான் திருநாமம் ஒலிப்பதும் புதியன அல்லவே!

நெல்வயல்களும் நாணற்காடுகளும் நன்னீர் ஏரிகளும் நிறைந்த தீவு. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து பட்டைத்தலை வாத்துகள் இங்கு வந்திறங்குகின்றன. கூழைக்கடாக்களும் நாரைகளும் நீர்நிலைகளில் கூட்டமாய் நிற்கின்றன. வெள்ளத்திற்கு அஞ்சும் மிசிங் பழங்குடியினர், உயர்ந்த கால்களின் மேல் மூங்கில் வீடுகளை அமைத்து வாழ்கின்றனர்.

இத்தீவின் உயிர்நாடி 'சத்ரம்' எனப்படும் வைணவ மடங்கள். ஸ்ரீமந்த சங்கரதேவர் (1449–1568) வளர்த்த பக்தி நெறியில் தழைத்தவை இவை. மடத்தின் நடுவே 'நாம்கர்' என்னும் நாமசங்கீர்த்தன மண்டபம் உள்ளது. அங்கே சிம்மாசனத்தில் வீற்றிருந்து வணக்கம் பெறுவது பாகவத நூல். 1653இல் நிறுவப்பட்ட ஆவுனியாட்டி சத்ரத்தில், பூரியிலிருந்து எழுந்தருளிய கோவிந்தன் அருள்பாலிக்கிறான். சாமகுரி சத்ரத்தில் மூங்கில், துணி, களிமண், சாணம் ஆகியவற்றைக் கொண்டு இராவணன், நரசிம்மர், கருடன் முகமூடிகளைச் செய்கின்றனர்.

சங்கரதேவரும் மாதவதேவரும் சந்தித்த மண் இது என்பர். தாயின் பிணி தீரத் தேவிக்கு ஆடு பலியிடுவதாக நேர்ந்துகொண்டவர் மாதவதேவர். அவர் சங்கரதேவரிடம் வாதிட வந்தார். வாதம் நீண்டது. மரத்தின் வேருக்கு நீர் வார்த்தால் கிளையும் இலையும் தாமே தழைக்கும். அதுபோல் அச்சுதனை வழிபட்டால் எல்லாத் தெய்வங்களும் மகிழும் என்னும் பாகவதக் கருத்தைச் சங்கரதேவர் எடுத்துரைத்தார். மாதவதேவர் அக்கணமே குருவின் திருவடியில் பணிந்தார். மணியும் பொன்னும் இணைந்த நிகழ்வென்று அசாமியர் இதனைப் போற்றுகின்றனர்.

இன்று அந்த மண்ணே கரைந்து வருகிறது. 1950ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தால் ஆற்றின் படுகை மேடிட்டது. அதன்பின் கரையரிப்பு கடுமையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கும் மேலிருந்த தீவில், இன்று பாதிகூட எஞ்சவில்லை. பல சத்ரங்கள் நாம்கரைப் பெயர்த்துக்கொண்டு வேற்றிடம் சென்றுவிட்டன.

ஆயினும் நம்பிக்கை தரும் செய்தி ஒன்றுண்டு. 1979ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்தபின், தீவை அடுத்த மணல்திட்டில் நிழலின்றி வெயிலில் மாண்டு கிடந்த பாம்புகளைக் கண்டு கலங்கினார், ஜாதவ் பாயேங் என்னும் மிசிங் இளைஞர். தன்னந்தனியே மூங்கில் நட்டார். நாள்தோறும் நீர் வார்த்தார். அன்று வெறும் மணலாயிருந்த இடம் இன்று 550 ஹெக்டேர் காடு. யானைகள் வந்து தங்குகின்றன, மான்கள் மேய்கின்றன. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வேருக்கு நீர் வார்க்கச் சொன்னார் குரு. அதையே கைத்தொழிலாகச் செய்து காட்டினார் இந்த எளியவர். வேர் பிடித்த இடத்தில் மண் நிற்கிறது. மண் நின்றால் நாமசங்கீர்த்தனமும் நிலைக்கும். நம் ஊர்த் தலவிருட்சத்திற்கு ஒரு குடம் நீர் வார்ப்பதும் இறைபணியே அன்றோ!

செல்லும் வழி: குவாஹாட்டியில் காமாக்யா தேவியைத் தரிசித்தபின் ரயிலிலோ பேருந்திலோ ஜோர்ஹாட் சென்று, நிமாதி துறையை அடையலாம். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி நடைபெறும் ராஸ உற்சவம் சிறப்பானது. படகுத்துறை மணற்பாங்கானது, முதியோர் கைத்தடியும் துணையும் கொண்டு செல்வது நலம். இருட்டியபின் படகை நம்பலாகாது. பகலிலேயே துறைக்கு வந்துவிட வேண்டும்.